கேள்வி – பதில்: ஆட்ட மேசை கலையாமல் இருக்க

இந்த மாதம் வந்த கடிதங்களில் ‘எந்தப் பலகை விளையாட்டை வாங்கலாம்’ என்ற வழக்கமான கேள்வி குறைவு. ‘வாங்கியதை ஆட ஆள் சேரவில்லை’ என்ற முறையீடுதான் அதிகம். விடுதி அறையில் விடிய விடிய ஆடியவர்கள், வேலை, குழந்தை, வீட்டுக் கடன், பெற்றோரின் மருத்துவம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த பிறகு, மாதத்துக்கு ஒரு பொழுதைக்கூடச் சேர்ந்தாற்போல் ஒதுக்க முடியாமல் திணறுவதைக் கடிதத்துக்குக் கடிதம் காண முடிகிறது. ஆகையால் இம்முறை அந்த ஒரு விஷயத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். மூவர் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்களில் இருக்கிறோம். ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார். ஒருவர் கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு வாரமும் வாட்ஸ்அப்பில் ‘சனியா, ஞாயிறா’ என்று வாக்கெடுப்பு வைக்கிறோம். நால்வருக்கு ஒத்துவரும் நாள் ஐந்தாமவருக்கு ஒத்துவருவதில்லை. அவரை விட்டுவிட்டு ஆடினால் வருத்தப்படுவாரே என்று தள்ளிப்போடுகிறோம். கடைசியாகக் கூடியது பொங்கலுக்கு முன்பு. என்ன செய்யலாம்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: முதலில் வாக்கெடுப்பை நிறுத்துங்கள். ஐவரும் சேர்ந்தால்தான் ஆட்டம் என்று உங்களுக்குள் ஒரு விதி இருக்கிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை என்றாலும், வேலைப்பளுவைக் காட்டிலும் அதுதான் உங்கள் குழுவை முடக்கிவைத்திருக்கிறது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். உங்களில் ஒவ்வொருவரும் ஐந்து வாரங்களில் நான்கு வாரம் வரக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். குடும்பஸ்தர்களுக்கு இது தாராளமான மதிப்பீடுதான். ஒருவர் வருவதும் வராததும் இன்னொருவரைப் பொறுத்ததில்லை என்று கொண்டால், ஐவரும் ஒரே நாளில் கூடுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 33. அதாவது மூன்று முறை திட்டமிட்டால் ஒரு முறை ஆடுவீர்கள். அதே ஐவர், ‘மூவர் வந்தால் ஆட்டம் உண்டு’ என்று முடிவு செய்துகொண்டால், ஆட்டம் நடப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 94 ஆகிவிடுகிறது. ஒவ்வொருவரும் ஐந்தில் மூன்று வாரம் மட்டுமே வரக்கூடியவர் என்று குறைத்துப் பார்த்தாலும், ஐவரும் கூடுவது நூற்றுக்கு 8 என்று சரிந்துவிட, மூவராவது கூடுவது 68இல் நிற்கிறது. ஆட்களும் மாறவில்லை, அவர்களுடைய வேலையும் மாறவில்லை.

அடுத்து, நாள். அதை ஒவ்வொரு முறையும் பேச்சுவார்த்தைக்கு விடாமல் நிரந்தரமாகக் குறித்துவிடுங்கள். உங்களில் ஒருவர் வங்கியில் இருப்பது வசதியாகப் போயிற்று. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை என்பதால், அந்த இரண்டு நாட்களில் அவர் தட்டிக்கழிக்க முடியாது. மென்பொருள்காரர்களுக்கு அமெரிக்க வாடிக்கையாளர்களின் அழைப்புகள் வெள்ளி இரவோடு ஓய்ந்துவிடும். கடைக்காரருக்குத்தான் சனிக்கிழமை மாலை வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். எனவே மாலையை அவருக்கு விட்டுவிட்டு, காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிப்பதைப் பற்றி யோசியுங்கள். காலை ஆட்டம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் திருமண வரவேற்பு, உறவினர் வருகை, அலுவலகத்து அவசரம், ஒரு வாரக் களைப்பு என்று மாலைப் பொழுதைத் தின்ன வரும் எதுவும் காலை ஏழு மணிக்கு எழுந்திருப்பதில்லை. வீட்டில் மற்றவர்கள் இட்டிலியை முடித்து எழும்போது நீங்கள் திரும்பி வந்திருப்பீர்கள் என்பதால் வீட்டாரின் மனத்தாங்கலும் குறையும்.

முடியும் நேரத்தையும் தொடங்கும் நேரத்தைப் போலவே கண்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். ‘இன்னும் ஒரு ஆட்டம்’ என்று ஒரு நாள் இழுத்துவிட்டால், அடுத்த முறை வீட்டில் அனுமதி கேட்கும்போது அந்த ஒரு மணி நேரம் பத்து மணி நேரமாகக் கணக்கில் வரும்.

வந்த ஆட்களுக்கு ஏற்றபடி ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். 1995இல் கிளாஸ் டாய்பர் உருவாக்கிய கட்டான், மூன்று அல்லது நான்கு பேருக்கானது. ஐந்தாமவரும் வந்தால் கூடுதல் ஆட்களுக்கென்று தனியாக விற்கும் விரிவாக்கப் பெட்டி வேண்டும், அதோடு ஒவ்வொருவருடைய முறைக்கும் இடையிலான காத்திருப்பும் நீளும். ஐவரும் வரும் அபூர்வ நாளுக்கு செவன் வொண்டர்ஸ் பொருத்தம். எல்லோரும் ஒரே சமயத்தில் சீட்டை எடுப்பதால், ஏழு பேர் உட்கார்ந்தாலும் சுமார் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இருவரே வந்தாலும் எழுந்து போய்விடாதீர்கள். கார்கசோன் இருவருக்கு நன்றாகவே ஓடும். மூன்று புலிகளையும் பதினைந்து ஆடுகளையும் கொண்ட நம் ஆடு புலி ஆட்டம் இருவருக்கென்றே அமைந்தது, அதற்குப் பெட்டிகூட வேண்டாம்.

ஐந்தாமவரின் வருத்தத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ‘மூவர் போதும்’ என்ற விதியை அவரையே முன்மொழியச் சொல்லுங்கள். தன்னால்தான் ஆட்டம் நின்றது என்ற குற்ற உணர்ச்சி அவருக்கும் இருக்கும். அதிலிருந்து விடுபட வழி கிடைத்தால் பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள். குழுவில் யாராவது ‘பார்க்கிறேன்’ என்று பதில் எழுதினால் அவர் வரவில்லை என்றே எடுத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள். வந்துவிட்டால் நாற்காலி போடலாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு குறிப்பையும் சேர்த்துக்கொள்கிறேன். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கும். மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெற்றோரும் சேர்ந்து தேர்வு எழுதுவார்கள். அந்த மாதங்களில் கூட்டம் மெலிவதைக் கண்டு குழு முடிந்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். கல்யாணப் பத்திரிகை வராத ஆடியும் மார்கழியும் ஆட்டக் குழுக்களின் பொற்காலம். நீளமான ஆட்டங்களை அந்த மாதங்களுக்கு எடுத்துவையுங்கள்.

கேள்வி: திருமணத்துக்கு முன்பிருந்தே நானும் என் கணவரும் ஒரே குழுவில் ஆடி வந்தவர்கள். குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. எங்களால் வெளியே வர முடியாது என்பதால், எங்கள் வீட்டிலேயே கூடலாம் என்று நண்பர்கள் அன்போடு ஏற்பாடு செய்தார்கள். இப்போது ஆட்டம் கூடத்தில் நடக்கிறது. நான் அடுப்படியில் நிற்கிறேன். குழந்தை அழுதால் எழுந்து போவதும் நான்தான். யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஆட்ட நாள் வந்தாலே அலுப்பாக இருக்கிறது.
– வாசகி, கோவை

பதில்: குறை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். நண்பர்கள் நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடு, ஆட வந்த ஒருவரை உபசரிப்பவராக மாற்றிவிட்டிருக்கிறது; உங்கள் அலுப்பு முற்றினால் ஒரு நாள் ‘இனி நம் வீட்டில் வேண்டாம்’ என்று சொல்லிவிடுவீர்கள், அன்றோடு குழுவும் கலையும். அந்த நிலை வருவதற்கு முன்பே பேசிவிடுவது நண்பர்களுக்கும் செய்யும் உதவிதான்.

நான் பரிந்துரைக்கும் விதி இதுதான்: வீடு கொடுப்பவர் வேறு எதையும் கொடுக்க வேண்டியதில்லை. மேசை, விளக்கு, மின்விசிறி, குடிநீர் ஆகியவற்றோடு உங்கள் பொறுப்பு முடிந்தது. தின்பண்டத்தை வருபவர்கள் முறைவைத்துக் கொண்டு வரட்டும். காப்பியை ஒருவர் வரும் வழியில் பிளாஸ்கில் வாங்கி வரட்டும். கடைசியில் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பட்டும். இதைக் கணவர் தம் வாயால் குழுவுக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது. நீங்கள் சொன்னால் கோரிக்கையாகத் தொனிக்கும், ‘அதெல்லாம் எதற்கு, எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்’ என்று சிரித்துக்கொண்டே மறந்துவிடுவார்கள். அவர் சொன்னால் அது ஏற்பாடாகிவிடும்.

தின்பண்டம் என்றதும் ஒன்று. பஜ்ஜியும் முறுக்கும் ஆட்ட மேசைக்கு ஆகாதவை. எண்ணெய் விரல் ஒருமுறை சீட்டின் ஓரத்தில் படிந்துவிட்டால், அடுத்த ஆட்டத்திலிருந்து அந்தச் சீட்டை முதுகைப் பார்த்தே யாரும் அடையாளம் சொல்லிவிடலாம். கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் சுண்டல், பொரி, பழத்துண்டுகள் போதும். சுடச்சுடப் பொரித்துத் தர வேண்டிய நிர்ப்பந்தமும் அத்தோடு ஒழியும்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டம் முழுவதும் குழந்தை கணவருடைய பொறுப்பு என்றால், அழுகை கேட்டதும் அவர் சீட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழ வேண்டும், நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. இரண்டாவது ஆட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம். ‘யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சு எப்போதும் ஒருவர் தலையில்தான் வந்து விடியும்.

இடையில் எழுந்து போக வேண்டியவர்களுக்கு ஏற்ற ஆட்டங்களும் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டெடுக்கும் ஆட்டத்தில் ஒருவர் எழுந்தால் மேசை முழுவதும் நின்றுவிடும். முன் பதிலில் நான் புகழ்ந்த செவன் வொண்டர்ஸ் உங்கள் வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம். அசூல் போன்ற, வண்ண ஓடுகளைப் பதிக்கும் ஆட்டத்தில், நால்வர் ஆடும்போது உங்கள் முறை வருவதற்குள் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், வந்து பார்த்தால் நிலவரம் மேசையிலேயே தெரியும். கூட்டாக ஆடும் பாண்டமிக்கில் ஒளிவுமறைவு இல்லை என்பதால், நீங்கள் இல்லாத இரண்டு நிமிடத்தில் உங்கள் காயை மற்றவர்கள் உங்கள் யோசனைப்படி நகர்த்தலாம். ஒன்றரை வயதுக் குழந்தை எதையும் வாயில் போடும் என்பதால், கார்கசோனின் மரப்பொம்மைகளும் கட்டானின் சிறு வீடுகளும் தரையில் விழாத மேசையில்தான் ஆட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பார்த்துப் பெட்டியில் இடுவது விருந்தினர் வேலை.

குழுவில் இன்னும் யாருக்காவது சிறு குழந்தை இருந்தால், அவர் வீட்டிலும் மாறிமாறிக் கூடுவதைப் பற்றிப் பேசுங்கள். ஒரே வீடு எப்போதும் சுமக்கும் குழு நெடுநாள் நிற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று ஒரு கதைக்குள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை ஓராண்டாக நடத்திவருகிறேன். ஆறு ஆட்டக்காரர்கள். ஒவ்வொரு முறையும் இருவராவது வருவதில்லை. கதையில் ஒரு முக்கியமான கட்டம் வரும் நாளில் அந்தக் கதாபாத்திரத்துக்குரியவரே இல்லாமல் போகிறார். முன்தயாரிப்புக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
– வாசகர், பெங்களூரு

பதில்: விட்டுவிடுவதற்கு முன்பு கதையின் அமைப்பை மாற்றிப் பாருங்கள். ஆறு குறிப்பிட்ட நபர்கள் ஒவ்வொரு வாரமும் தவறாமல் வந்தால்தான் நகரக்கூடிய கதையை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். தொலைக்காட்சித் தொடருக்கு அது பொருந்தும், ஏனெனில் அங்கே நடிகர்களுக்குச் சம்பளம் உண்டு.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் விதிநூலைப் பார்த்தால், ஒரு நடத்துநரின் (கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவரின்) கீழ் நான்கு முதல் ஐம்பது பேர் வரை ஆடலாம் என்று எழுதியிருப்பதைக் காணலாம். ஐம்பது பேரும் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள். இன்று நால்வர், அடுத்த முறை வேறு அறுவர் என்று வருவார்கள் என்பதே அதன் பொருள். இப்போது நம் மனத்தில் பதிந்திருக்கும், மாறாத ஐவர் குழுவும் பிரியாத நீண்ட கதையும் பின்னால் வந்த பழக்கம்.

பென் ராபின்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ என்ற பெயரில் நடத்திய ஆட்டம் உங்கள் சிக்கலுக்கு நேரடியான விடை. பத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள்; நிலையான நேரம் இல்லை, நிலையான அணி இல்லை, எல்லோரையும் கட்டியிழுக்கும் ஒற்றைக் கதையும் இல்லை. எல்லைப்புறத்தில் ஓர் ஊர் இருக்கும். எந்த நாளில், யார் யார் சேர்ந்து, எந்தத் திசையில் போவது என்பதை ஆட்டக்காரர்களே முடிவு செய்து நடத்துநருக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பயணமும் அன்றே ஊர் திரும்புவதில் முடிந்துவிடும் என்பதால், அடுத்த முறை வேறு நால்வர் கிளம்புவதில் தடையே இல்லை. வராதவரின் கதாபாத்திரம் ஊரில் ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் முழுவதும் இப்படி மாற வேண்டியதில்லை. ஒவ்வொரு அமர்வையும் ஒரு பாதுகாப்பான இடத்தில் முடிப்பது என்ற ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டாலே உங்கள் சங்கடத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். குகையின் நடுவே, வாள் ஓங்கிய நிலையில் நிறுத்துவது அந்த இரவுக்குச் சுவையாக இருக்கும்; மூன்று வாரம் கழித்து அந்த வாளை ஓங்கியவர் மாமியாரை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போயிருப்பார்.

தயாரிப்பைப் பொறுத்தவரை, அமர்வு முடியும்போதே ‘அடுத்து எங்கே போகிறீர்கள்’ என்று கேட்டு வாங்கிவிடுங்கள். அவர்கள் சொன்ன இடத்தை மட்டும் தயார் செய்யுங்கள். போகாத நாடுகளின் ஆயிரம் ஆண்டு வரலாற்றை எழுதுவது தனி இன்பமாக இருக்கலாம், ஆனால் அது ஆட்டத்துக்கான தயாரிப்பில் சேராது. வராதவர்களுக்கு, கதாபாத்திரத்தை வலுவாக்கும் அனுபவப் புள்ளி தராமல் தண்டிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். இரண்டு முறை வர முடியாமல் போய்ப் பின்தங்கியவர், மூன்றாவது முறை வர முடிந்தாலும் வர மாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கதைக்கு ஒரு முடிவு தேதி வையுங்கள். ஆறேழு அமர்வுகளில் முடியும் கதையாக இருந்தால், அதற்குப் பிறகு வேறொருவர் நடத்துநராக அமர, நீங்கள் ஒரு பகடையோடு மட்டும் உட்கார்ந்து ஆடலாம். உங்களுக்கு அது தேவைப்படுகிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

கேள்வி: எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பாவும் அவருடைய ஊர்க்காரர்களும் சனிக்கிழமைகளில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுகிறார்கள். பனிக்காலத்திலும் நின்றதில்லை. நானும் நண்பர்கள் மூவரும், ஒரு தொடர்கதையைக் காட்சி காட்சியாக ஆடும் குளூம்ஹேவன் என்ற பலகை விளையாட்டை வாங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பத்துக் காட்சிகளைக்கூடத் தாண்டவில்லை. அவர்களுக்கு மட்டும் எப்படி இயலுகிறது?
– வாசகர், ஸ்காபரோ, கனடா

பதில்: இரண்டு ஆட்டங்களும் உங்களிடம் கேட்பது வேறு வேறு. 304இல் 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று ஓர் இனத்துக்கு 76 வீதம், நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. இந்தக் கணக்கு உங்கள் அப்பாவின் நண்பர்களுக்குச் சிறுவயதிலிருந்தே கைவந்தது. யாரும் யாருக்கும் விதி விளக்க வேண்டியதில்லை. ஒரு கை சில நிமிடங்களில் முடிகிறது. போன சனிக்கிழமை என்ன நடந்தது என்பதை இந்தச் சனிக்கிழமை யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை, சண்டையைத் தவிர. நால்வருக்கு மேல் வந்தால் தோற்ற சோடி எழுந்து இடம்விட, காத்திருந்தவர்கள் உட்காருகிறார்கள். ஒருவர் வராவிட்டாலும் மேசை நிறைகிறது.

2017இல் வெளிவந்த குளூம்ஹேவன் பெட்டியில் 95 காட்சிகள் இருக்கின்றன. அதிகபட்சம் நான்கு பேர். நீங்கள் நால்வரும் மாதம் இருமுறை ஒரு காட்சி வீதம் தவறாமல் ஆடினாலும் எல்லாவற்றையும் முடிக்க ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும். வரைபடத்தை அடுக்கி, அரக்கர்களைத் தேடியெடுத்து, சீட்டுகளைப் பிரித்து வைப்பதற்குள்ளேயே 304இல் பல கைகள் ஆடி முடித்திருப்பார்கள். அது சிறந்த ஆட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. வேலைக்குப் போகும் நால்வரின் ஒரே ஆட்டமாக இருப்பதற்குத்தான் அது ஏற்றதில்லை.

எனவே, ஜனவரி முதல் மார்ச் வரை என்று ஒரு பருவத்தைக் குறித்து, அந்த மாதங்களில் மட்டும் குளூம்ஹேவனை எடுங்கள். முடிந்தால் பெட்டியில் திருப்பி அடுக்காமல் நிலவறையில் ஒரு மேசையில் விரித்தபடியே விட்டுவையுங்கள். மற்ற மாதங்களில் எவர் வந்தாலும் உட்காரக்கூடிய சிறிய ஆட்டங்களை ஆடுங்கள். தொடர்கதை வேண்டும், ஆனால் கரையும் தெரிய வேண்டும் என்றால் 2015இல் வந்த பாண்டமிக் லெகசியின் முதல் பருவம் நல்லது; ஆட்டத்துக்குள் ஓர் ஆண்டின் பன்னிரண்டு மாதங்கள், ஒவ்வொரு மாதத்தையும் தோற்றால் இன்னொரு முறை ஆடலாம் என்பதால், பன்னிரண்டு ஆட்டங்களுக்குக் குறையாமலும் இருபத்துநான்குக்கு மேற்போகாமலும் முடிந்துவிடும்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். அப்பாக்களின் மேசை பனியிலும் நிற்காமல் ஓடியதென்றால், நேரத்துக்குத் தேநீரும் வடையும் கீழே இறங்கி வந்திருக்கும். மேலே உள்ள கோவை வாசகியின் கடிதத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: கல்லூரியில் ஒன்றாக ஆடிய நால்வரில் இருவர் சென்னையிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் ஒருவர் டொராண்டோவிலும் இருக்கிறோம். இணையவழி ஆட முயன்றோம். யாராவது ஒருவருக்கு நள்ளிரவாகிவிடுகிறது.
– வாசகி, அண்ணா நகர்

பதில்: ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி என்று வையுங்கள். சென்னையில் ஏழு என்றால் சிங்கப்பூரில் ஒன்பதரை. டொராண்டோவில் சனிக்கிழமை இரவு கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. யாருக்கும் நள்ளிரவு இல்லை. கனடாவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். அந்த இரு வாரங்களில்தான் ஒருவர் ஒரு மணி நேரம் தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதுவும் ஒத்துவராவிட்டால், நேரமே தேவைப்படாத முறைக்குப் போகலாம். போர்டு கேம் அரீனா என்ற தளத்தில் அவரவர் வசதிப்படி நாளுக்கு ஓரிரு முறை வந்து தம் நகர்வைச் செய்துவிட்டுப் போகும் ஏற்பாடு உண்டு. கார்கசோன் அப்படி ஆட மிகவும் ஏற்றது. இது புதிய பழக்கமும் இல்லை. 1959இல் வெளியான டிப்ளோமசி என்ற ஏழு பேர் ஆட்டத்தை, 1963 முதலே அஞ்சலில் நகர்வுகளை அனுப்பி ஆடிவந்திருக்கிறார்கள். அதை உருவாக்கிய ஆலன் கால்ஹாமர் பிற்காலத்தில் தபால்காரராகப் பணியாற்றினார் என்பது எனக்குப் பிடித்த செய்திகளில் ஒன்று.

ஆனால் அந்த நகர்வுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், மாதம் ஒரு முறையாவது குரல் கேட்கும்படி ஆடுங்கள். நீங்கள் இழந்தது ஆட்டத்தை மட்டுமன்று, ஆட்டத்தின் நடுவே பேசிய பேச்சையும்தான்.

கேள்வி: பாண்டமிக் ஆடும்போது ஒரு நண்பர், ‘நீ இங்கே போ, அந்தச் சீட்டைக் கொடு’ என்று எல்லோருக்கும் ஆணையிடுகிறார். இருவர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவரையும் இழக்க விருப்பமில்லை.
– வாசகர், திருச்சி

பதில்: எல்லாம் வெளிப்படையாக இருக்கும் கூட்டு ஆட்டத்தில் இது அடிக்கடி நடப்பதுதான், அவருக்கு எல்லாச் சீட்டும் தெரியும்போது வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்வது கடினம். ஆட்டத்தை மாற்றினால் அவரைத் திருத்தும் வேலை மிச்சம். 2019இல் வந்த தி க்ரூ, கூட்டாக ஆடும் பிடி ஆட்டம், அதாவது சுற்றுக்கு ஒரு சீட்டாகப் போட்டு, வென்றவர் அந்தச் சுற்றின் சீட்டுகளை எடுக்கும் வகை. 50 பணிகள், ஒவ்வொன்றும் சில நிமிடங்கள். கையில் உள்ளதைச் சொல்லக் கூடாது. ஒரு பணிக்கு ஒரு முறை, ஒரே ஒரு சீட்டைப் பற்றிக் குறிப்பு காட்டலாம். ஆணையிட வழியே கிடையாது. நின்றுபோன இருவரையும் ‘வேறு ஆட்டம் ஆடுகிறோம்’ என்று சொல்லி அழையுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் டிக்கெட் டு ரைட், கார்கசோன் என்ற இரண்டு ஆட்டங்களைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். எங்கள் வயதில் நேரத்துக்குக் குறைவில்லை. ஆனால் நண்பர்கள் ‘சின்னப் பிள்ளை விளையாட்டு’ என்று தயங்குகிறார்கள். எப்படித் தொடங்குவது?
– வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டில் கார்கசோனை முதலில் எடுங்கள். அதன் 72 கட்டைகளில் (தடித்த சதுர அட்டைத் துண்டுகளில்) எழுத்தே இல்லை. கோட்டை, சாலை, மடம் ஆகியவை படமாகவே இருப்பதால் ஆங்கிலம் தெரியாதவரும் தயங்க வேண்டாம். டிக்கெட் டு ரைடில் வரைபடத்து ஊர்ப்பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்கும். கண்ணாடியோடு வரச் சொல்லிவிட்டு அதை இரண்டாம் வாரத்துக்கு வையுங்கள்.

‘விளையாட வாருங்கள்’ என்று கூப்பிட்டால் தயங்குபவர்கள், ‘காப்பிக்கு வாருங்கள்’ என்றால் வந்துவிடுவார்கள். வந்தவர்களுக்கு விதிநூலை வாசித்துக் காட்டாதீர்கள். ஆசிரியராக இருந்தவருக்கு இது சற்றுச் சிரமமான வேண்டுகோள் என்பது தெரியும். முதல் கட்டையை மேசையில் வைத்து, இரண்டாவதை ஒருவர் கையில் கொடுத்து, ‘எங்கே பொருந்தும்’ என்று மட்டும் கேளுங்கள். ஓரங்கள் பொருந்த வேண்டும் என்பது அவர்களுக்கே புரிந்துவிடும். இரண்டு சுற்று போன பிறகு மரப்பொம்மையைக் கொடுத்து, அதைச் சாலையிலோ கோட்டையிலோ நிறுத்தலாம் என்று சொல்லுங்கள். வயலில் படுக்கவைக்கும் உழவர் விதியை முதல் நாள் விட்டுவிடுங்கள். புதியவர்களைக் குழப்புவது அது ஒன்றுதான், அது இல்லாமலும் ஆட்டம் நன்றாக ஓடும்.

நேரம் இருப்பவர்களின் குழுவுக்கும் ஒரு நாள் குறிக்க வேண்டும். எந்த நாளும் வரலாம் என்பவர்கள் எந்த நாளும் வர மாட்டார்கள். பேரப்பிள்ளை வீட்டுக்குப் போவதற்கான பேருந்தைக்கூட அந்த ஒரு நாளைத் தவிர்த்துத்தான் பதிவு செய்ய வேண்டும் என்ற அளவுக்கு அது நிலைத்திருக்கட்டும். வியாழக்கிழமை பிற்பகல் நான்கு மணி என்று வைத்துப் பாருங்கள்.